கத்துகிற கோச்சும் கையில் இருக்கும் விசிலும்

(பிள்ளைகளுக்கான கோடைகாலக் கூடைப்பந்துப் பயிற்சி தொடங்குவதையொட்டி நம் க்ளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் ஐ.பி.எல். நடக்கிற நேரத்தில், கூடைப்பந்து ரெஃப்ரி பேசுவதைக் கேட்க இத்தனை பேர் வருவீர்கள் என்று செயலாளர் சொன்னபோது நான் நம்பவில்லை. காபி, பஜ்ஜி ஏற்பாடு செய்தது அவருடைய அனுபவம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் பக்கத்துக் குடியிருப்புகளோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தினோம். நம் வளாகத்தைச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் விசில் பிடித்தார்கள். இந்த வருஷம் கேட்டபோது ஒருவர்தான் 'சரி' என்றார். மற்ற மூன்று பேருக்கும் பரீட்சை இல்லை, ஊருக்கும் போகவில்லை. அதில் ஒரு பெண்ணின் அம்மாவிடம் காரணம் கேட்டேன். "அன்னைக்கு அந்த கோச் எல்லார் முன்னாடியும் கத்தினார் இல்லையா சார், வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. இனிமே போக மாட்டேங்கிறா" என்றார். அந்தப் பெண் பள்ளி அணியில் ஐந்து வருஷம் ஆடியவள். விதிகள் தெரிந்தவள். கத்துகிறவரை என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வருஷம் விசில் எடுக்கப் போகிறவர்களுக்காகவும், ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிற நமக்காகவும் இதைப் பேசுகிறேன்.

நான் வார நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். சனி ஞாயிறில் ரெஃப்ரி. பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, பள்ளிகளுக்கு இடையேயான போட்டிகள் என்று 14 வருஷமாகப் பெரும்பாலும் பிள்ளைகள் ஆட்டத்துக்குத்தான் விசில் ஊதியிருக்கிறேன். பெரியவர்கள் ஆட்டத்தைவிட 14 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில்தான் பெஞ்சிலிருந்து சத்தம் அதிகம் வரும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை.

ஒரு சின்னத் தகவல். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்கு 13 விதிகள் எழுதினார். அதில் இரண்டு நடுவர்கள் உண்டு. ஒருவர் ஆட்களைப் பார்க்க, இன்னொருவர் பந்தைப் பார்க்க. கேப்டன்களும் உண்டு. கோச் என்று ஒருவர் அந்த 13 விதிகளில் எங்குமே கிடையாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் டைம்-அவுட்டின்போது கோச் தன் ஆட்டக்காரர்களோடு பேசலாம் என்பதே 1948-49 சீசனில்தான் வந்தது. நம் ஊருக்கு இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்தது. ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. ஆக, மைதான ஓரத்தில் நின்று கத்துவது ஆட்டத்தோடு கூடவே பிறந்த உரிமை இல்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்காக கோச்சை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர் ஏன் கத்துகிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். தனியார் பள்ளியில் அவர் வேலை கோப்பையைப் பொறுத்தது. மாவட்டம், மண்டலம் என்று ஜெயித்துப் போனால்தான் பிள்ளைக்குச் சான்றிதழ். பிளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்குமா என்பது அந்தச் சான்றிதழில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் பத்து பெற்றோர் நிற்கிறார்கள். "சார் ஒண்ணுமே கேக்கலையே" என்று அவர்கள் முணுமுணுப்பது அவர் காதில் விழுகிறது. பாதி நேரம் அவர் உங்களைப் பார்த்துக் கத்துவது அவர்களுக்குக் கேட்பதற்காகத்தான். இது புரிந்துவிட்டால் உங்கள் நெஞ்சு படபடப்பது பாதி குறையும். மீதிப் பாதிக்குத்தான் விதிப்புத்தகம் இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது? உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, ஆட்டம் நடக்கும்போது தலைமை கோச், முதல் உதவி கோச் இருவரில் ஒரே ஒருவர்தான் ஒரு நேரத்தில் நிற்கலாம். அதுவும் அவர்களுக்கான பெஞ்சுப் பகுதிக்குள் மட்டும். அங்கிருந்து தன் அணியோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உதவி கோச்சுக்கு ரெஃப்ரியிடம் பேச அனுமதியே இல்லை. ஆட்டக்காரர்களில் கேப்டன் மட்டும், பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரம் நின்றிருக்கும்போது, மரியாதையாக விளக்கம் கேட்கலாம். டைம்-அவுட் வேண்டுமென்றால் டேபிளில் கேட்க வேண்டும். "ரெஃப்ரி! டைம்-அவுட்! டைம்-அவுட்!" என்று நம்மைப் பார்த்துக் கத்துவதில் பலனில்லை. பள்ளிப் போட்டிகளில் சண்டை பாதி இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் ஆட்டம் தொடங்குமுன்பே இரண்டு கோச்சுகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "சார், டைம்-அவுட் வேணும்னா டேபிளில் கேளுங்க, அவங்க எங்களுக்குச் சிக்னல் கொடுப்பாங்க."

ரெஃப்ரியின் அதிகாரம் ஆட்டம் தொடங்க 20 நிமிஷத்துக்கு முன் மைதானத்துக்கு வந்ததுமே ஆரம்பித்துவிடுகிறது. அந்த 20 நிமிஷத்தை வீணாக்காதீர்கள். நம் கோர்ட்டில் வளையத்துக்குப் பக்கத்தில் வேப்பிலை உதிர்ந்து வழுக்கும், முதலில் அதைப் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கோச்சுகளுக்கும் கை கொடுங்கள். ஒருவரோடு மட்டும் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் கவனம். அடுத்த பெஞ்சில் இருப்பவருக்கு அந்தச் சிரிப்பு ஆட்டம் முடியும்வரை மறக்காது.

ஆட்டம் தொடங்கியாயிற்று. கோச் வாய் திறக்கிறார். அவர் கேட்பது கேள்வியா, புலம்பலா, காட்சியா என்று முதலில் பிரியுங்கள். "சார், அது என்ன ஃபவுல்?" என்பது கேள்வி. கேள்விக்குப் பதில் உண்டு. "கை முழங்கைல பட்டது சார்." முடிந்தது. ஆறேழு வார்த்தைக்கு மேல் போனால் அது விவாதமாகிவிடும். "அட, எல்லாம் எங்களுக்குத்தான்!" என்பது புலம்பல். அதற்குப் பதில் தேவையில்லை, காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இதெல்லாம் ஒரு ரெஃப்ரியா?" என்பது காட்சி. அங்கேதான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

வேலை என்றால் அவரை நோக்கி வேகமாக நடந்து போவது அல்ல. இளம் ரெஃப்ரிகள் எல்லோரும் செய்வது இதைத்தான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சண்டைக்குப் போகிற மாதிரி தெரியும். அவருக்கும் அப்படியே தெரியும். பந்து நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு சாதாரணமாக நடந்து போய், நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், இரண்டு பேரும் மைதானத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். விரலை நீட்டாதீர்கள். சிரிக்கவும் வேண்டாம், அது கேலியாகத் தெரியும். அவர் எவ்வளவு உரக்கப் பேசுகிறாரோ அவ்வளவு தணித்து நீங்கள் பேசுங்கள். உங்களைக் கேட்க வேண்டுமென்றால் அவரும் குரலைக் குறைத்தாக வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை, பத்தில் ஏழெட்டு தடவை வேலை செய்யும்.

நம் ஊரில் உள்ள பெரிய சிக்கல் வேறு. கோச் உங்களைவிட இருபது வயது மூத்தவர். பல சமயம் உங்களுக்கே டிரிப்ளிங் சொல்லிக் கொடுத்த பி.டி. மாஸ்டர். "தம்பி, ரூல் புக் படிச்சியா நீ?" என்பார். இன்னும் சூடானால் 'தம்பி' போய் 'டேய்' வந்துவிடும். பெண் ரெஃப்ரியாக இருந்தால் "ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியுதா?" என்பார். வயதுக்கு மரியாதை கொடுத்துப் பழகிய நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் இதற்கு வழி ஒன்றுதான். 'சார்' என்பதை விடாதீர்கள், சொல்ல வந்ததையும் விடாதீர்கள். "சார், கேள்வி இருந்தா கேளுங்க, பதில் சொல்றேன். 'டேய்'னு கூப்பிட்டா டெக்னிக்கல் கொடுப்பேன் சார்." மரியாதையும் எச்சரிக்கையும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. அவர் 'டேய்' என்றதற்கு நீங்கள் "என்னய்யா" என்றால், அதுவரை அவர் பேசியதையெல்லாம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். "ரெஃப்ரி மரியாதை இல்லாமப் பேசினான்" என்பது மட்டும் ஊர் முழுக்கப் போகும்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. கூட இருக்கும் ரெஃப்ரியைக் காட்டி "அது அவர் கொடுத்தது, எனக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து கோச் உங்கள் இருவரையும் தனித்தனியாகப் பிரித்து மேய்வார். "உட்காருங்க" என்று கத்தாதீர்கள். பார்க்காத விஷயத்தைப் பார்த்ததாகவும் சொல்லாதீர்கள். "நான் நின்ன இடத்திலிருந்து தெரியலை சார்" என்பது கௌரவமான பதில். அதைக் கேட்டதும் அடங்கிப்போன கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட மோசமானது ஈடு கட்டுவது. ஒரு பக்கம் தப்பாக விசில் ஊதிவிட்டோமே என்று அடுத்த நிமிஷம் எதிர்ப்பக்கம் இல்லாத ஃபவுலைக் கொடுப்பது. கத்தினால் கிடைக்கும் என்று அந்த கோச்சுக்கு நீங்களே பாடம் எடுத்த மாதிரி. அரை மணி நேரத்தில் இரண்டு பெஞ்சும் கத்தும்.

சொல்லியும் நிற்கவில்லை என்றால் எச்சரிக்கை. அது பந்து நிற்கும்போது, இரண்டு அணிக்கும் டேபிளுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். காதில் ரகசியமாகச் சொன்னால், பின்னால் "எனக்கு வார்னிங்கே தரலை" என்பார். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் டெக்னிக்கல் ஃபவுல். விசில். ஒரு கையின் நுனி விரல்கள் மேலே, இன்னொரு உள்ளங்கை குறுக்கே, ஆங்கில 'டி' வடிவம். கோபமாக வெட்டிக் காட்டாமல், டிராவலிங் சிக்னல் காட்டுகிற அதே நிதானத்தில் காட்டுங்கள். டேபிளில் சொல்லிவிட்டு அந்த பெஞ்சிலிருந்து தள்ளிப் போய் நில்லுங்கள். உங்கள் ஜோடி ரெஃப்ரி அந்தப் பக்கம் வரட்டும். டெக்னிக்கல் கொடுத்த பிறகு கோச்சுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பவர்தான் இரண்டாவது டெக்னிக்கலை வரவழைத்துக்கொள்கிறார்.

தண்டனை பெரியதில்லை. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதை அந்த அணியில் யார் வேண்டுமானாலும் போடலாம். பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். கோச்சின் டெக்னிக்கல் அணியின் ஃபவுல் கணக்கிலும் சேராது. ஆனால் கோச்சின் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் விழுந்தால் அவர் வெளியே போக வேண்டும். பெஞ்சில் இருக்கும் மற்றவர்கள் செய்வதும் அவர் பேரில்தான் எழுதப்படும். அப்படி எல்லாம் சேர்த்து மூன்று ஆனாலும் வெளியேற்றம்தான். வெளியே என்றால் மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வலை வழியாகச் சொல்லிக் கொடுப்பது இல்லை. அணியின் அறைக்குப் போக வேண்டும் அல்லது இடத்தை விட்டே போக வேண்டும். நம் வளாகத்தில் அணிக்கென்று அறை இல்லை, ஆகவே கேட் வரைக்கும் போக வேண்டியதுதான். உதவி கோச் பொறுப்பேற்பார், அவரும் இல்லையென்றால் கேப்டன்.

எச்சரிக்கையே இல்லாமல் நேரடியாகக் கொடுக்க வேண்டியதும் உண்டு. குடும்பத்தை இழுத்துத் திட்டுவது, சாதியைச் சொல்வது, பணம் வாங்கிவிட்டான் என்பது, ஆட்டம் நடக்கும்போது கோர்ட்டுக்குள் வருவது. இதற்கெல்லாம் காது கேட்காத மாதிரி இருந்தால் பெருந்தன்மை என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைக் கேட்டது நீங்கள் மட்டும் இல்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். ரெஃப்ரி மேல் கை வைத்தால் டெக்னிக்கல் எல்லாம் இல்லை, நேராக வெளியேற்றம்.

இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோச் உங்களிடம் மரியாதையாகத்தான் இருக்கிறார். ஆனால் தன் அணிப் பிள்ளையை "எருமை, தண்டம், ஏன்டா வந்தே" என்று நொறுக்குகிறார். பந்தைத் தவறவிட்ட பையன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறான். இது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று பெரும்பாலான ரெஃப்ரிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். விதியில் ரெஃப்ரியிடம், எதிரணியிடம் மட்டுமல்ல, பெஞ்சில் உட்கார அனுமதி பெற்றவர்களிடமும் மரியாதைக் குறைவாக நடப்பது டெக்னிக்கல் ஃபவுல்தான். அதில் சொந்த அணிப் பிள்ளையும் அடக்கம் என்றுதான் நான் வாசிக்கிறேன். இரண்டு முறை அப்படி எச்சரித்திருக்கிறேன். ஒரு கோச் "என் பசங்கள நான் திட்டறேன், உங்களுக்கென்ன?" என்றார். "சார், இந்த 40 நிமிஷம் இவங்க எனக்கும் பசங்கதான்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று மீதி ஆட்டத்தில் அந்த வார்த்தைகள் வரவில்லை.

பெரிய பெரிய கோச்சுகளே இப்படித்தானே என்பார்கள். 1985 பிப்ரவரியில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக கோச் பாப் நைட், ரெஃப்ரி மேல் உள்ள கோபத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கோர்ட்டுக்குள் எறிந்தார். வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது, சிரிக்கிறோம். நைட் பெரிய கோச்தான், அதில் சந்தேகமில்லை. அன்று அவர் வெளியேற்றப்பட்டார் என்பதையும், அதற்கு மேல் ஒரு ஆட்டத்துக்கு அவருக்குத் தடை விதிக்கப்பட்டதையும் வீடியோவை அனுப்புகிறவர்கள் சேர்த்து அனுப்புவதில்லை.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். இங்கே கோச் என்பவர் வேறு யாருமில்லை, உங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் இருப்பவர். ஞாயிறு காலை டெக்னிக்கல் கொடுத்தால் திங்கள் காலை லிஃப்டில் அவரோடுதான் இறங்க வேண்டும். "குட் மார்னிங் அங்கிள்" சொல்லுங்கள். மேட்ச்சைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால், "ஸ்கோர் ஷீட்டில் எழுதியிருக்கு அங்கிள், கமிட்டியில் கேளுங்க" என்பது போதும். ஆட்டம் முடிந்து ஷீட்டில் கையெழுத்துப் போட்டபின் ரெஃப்ரியின் வேலை முடிந்தது. ஆட்சேபம் இருந்தால், ஆட்டம் முடிந்த 15 நிமிஷத்துக்குள் கேப்டன் அதற்கென்று உள்ள இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோச்சோ பெஞ்சில் இருந்தவர்களோ மோசமாக நடந்திருந்தால், கையெழுத்துப் போடுமுன் ஷீட்டின் பின்பக்கம் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "மிகவும் கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். எந்தக் குவார்ட்டர், எத்தனை நிமிஷம், அதையும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. போன வருஷம் ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் பத்து செகண்ட் வீடியோ ஒன்று நம் குழுவில் வந்தது. "இது ஃபவுலா, நீங்களே சொல்லுங்க" என்று தலைப்பு. 60 பேர் தீர்ப்பு எழுதினார்கள். தண்ணீர் லாரி வராத அன்றுகூட அவ்வளவு பேர் எழுதவில்லை. விசில் ஊதியவளுக்கு அப்போது 19 வயது. அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

அதனால் சங்கத்திடம் சில விஷயங்கள் கேட்டிருக்கிறேன், செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கமிட்டியிலிருந்து பெரியவர் ஒருவர் டேபிள் பக்கத்தில் இருப்பார். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கத்தினால் அவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு, விசில் பிடிக்கும் பிள்ளையின் பொறுப்பு இல்லை. முதல் முறை விசில் பிடிக்கிற யாரும் தனியாக நிற்க மாட்டார்கள், அனுபவமுள்ள ஒருவர் ஜோடியாக இருப்பார். வெளியேற்றப்பட்ட கோச் அடுத்த ஆட்டத்துக்கு பெஞ்சில் உட்கார மாட்டார், அவர் யாராக இருந்தாலும். இதைப் போட்டி அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுகிறோம், அப்புறம் "முன்னாடியே சொல்லலையே" என்ற பேச்சு வராது. கமிட்டி உறுப்பினர்களில் இருவர் கோச்சாகவும் இருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதுவும் சந்தோஷமாக. ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போட்டார், பரவாயில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை 6.30-க்கு கோர்ட்டில் விசில் பயிற்சி. 16 வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம், பெரியவர்களும் வரலாம். சிக்னல் எல்லாம் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மீதி ஒரு மணி நேரம் நான் கத்துகிற கோச்சாக நிற்பேன், நீங்கள் என்னைச் சமாளிக்க வேண்டும். குண்டு உருளும் பழைய விசில் வேண்டாம், வேகமாக ஊதினால் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிக்கொண்டு அவதிப்பட்ட கனடா நாட்டுக் கூடைப்பந்து ரெஃப்ரி ரான் ஃபாக்ஸ்க்ராஃப்ட் உருவாக்கியதுதான் குண்டே இல்லாத ஃபாக்ஸ் 40 விசில். 1987-ல் விற்பனைக்கு வந்தது. என்னிடம் கூடுதலாக நாலு இருக்கிறது, கழுவித்தான் வைத்திருக்கிறேன். ஷூ கட்டாயம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொண்டு வாருங்கள். ஏழரைக்கு மேல் நம் கோர்ட்டில் நிழலே கிடையாது.